இருட்டைக் குறை சொல்லும் முன் திரையைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பிளாக் கிறிஸ்மஸ்' என்ற பழைய கனடா நாட்டுத் திகில் படத்தைப் பார்த்த பெங்களூரு வாசகர்களின் கருத்துகளைச் சென்ற ஞாயிறு இதழில் ஒரு பக்கம் முழுக்க வெளியிட்டிருந்தீர்கள். பாதிப் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார் ஒருவர். போனில் கொலைகாரன் பேசுவது காதில் விழவில்லை என்கிறார் இன்னொருவர். போன் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா என்று அல்சூர் வாசகர் கேட்டிருக்கிறார். கொலைகாரன் யார் என்றே சொல்லாமல் முடித்துவிட்டார்கள் என்பது பலருடைய கோபம். ஃபிரேசர் டவுன் வாசகி, பண்டிகையைக் கொச்சைப்படுத்திய படம் என்று வருந்தியிருக்கிறார்.

நாங்கள் திரையரங்குக் கேபினிலும் ஒலி அமைப்பிலும் வேலை செய்பவர்கள். இந்தக் கருத்துகளில் முதல் இரண்டும் படத்தைப் பற்றியவையே அல்ல, படம் காட்டப்பட்ட விதத்தைப் பற்றியவை. அதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் ஒரு நல்ல படத்தின் மேல் பழி விழும், தவறான திரையும் ஸ்பீக்கரும் அப்படியே தொடரும். அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது. படத்தின் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இதைப் படிக்கலாம். கிறிஸ்மஸ் சமயத்தில் ஒரு வீட்டின் பரணில் ஒளிந்துகொண்ட கொலைகாரன், அந்த வீட்டாரையே போனில் மிரட்டிக் கொல்வதுதான் கதை.

முதலில் இருட்டு. பாப் கிளார்க் இயக்கிய இந்தப் படம் டொரண்டோவில் எடுக்கப்பட்டு 1974 அக்டோபரில் வெளியானது. ஒளிப்பதிவு ரெஜினால்ட் மோரிஸ். அந்நாளைய ஈஸ்ட்மேன் வண்ண நெகட்டிவின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100 ஏ.எஸ்.ஏ. மட்டுமே. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் 800-ல் சாதாரணமாக வேலை செய்கின்றன. அதாவது, இன்று போதுமென்று படும் வெளிச்சத்தைப் போல எட்டு மடங்கு அன்று தேவைப்பட்டது. அப்படியிருந்தும் மேஜை விளக்கும் ஜன்னலோரத்து வண்ண பல்புகளும் மட்டுமே வீட்டுக்கு வெளிச்சம் தருவதுபோல் பல காட்சிகளை அமைத்திருக்கிறார்கள். முகத்தின் ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் நிழலில் கிடக்கும். மாடிப்படிக்கு மேலே முழு இருட்டு இல்லை, உற்றுப் பார்த்தால் மரக் கைப்பிடியும் கதவின் விளிம்பும் தெரியும் அளவுக்கு மெல்லிய இருட்டு. பயம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. 'அங்கே யாரோ நிற்கிறார்களா' என்று கண் தேட வேண்டும். கண்ணுக்கு ஒன்றுமே அகப்படாவிட்டால் தேடுவதற்கு எதுவும் இல்லை. சலிப்புதான் வரும், அந்தச் சலிப்பைத்தான் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

திரையரங்கில் 2டி படத்துக்குத் திரையின் நடுவில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட், இன்னோர் அளவையில் சொன்னால் 48 நிட். முழு வெள்ளைச் சோதனைப் படத்தை ஓட்டி, நடு இருக்கையிலிருந்து ஸ்பாட் மீட்டரால் திரையை அளக்க வேண்டும். அளவு குறைவதற்குக் காரணங்கள் பல. புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லேம்ப் வயதாக ஆக, எலெக்ட்ரோடிலிருந்து கிளம்பும் டங்ஸ்டன் பல்பின் உள்சுவரில் கறுப்பாகப் படிகிறது, வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குகிறது. தினமும் பார்க்கிற ஆபரேட்டரின் கண்ணுக்கு அது தெரியாது, மீட்டருக்குத்தான் தெரியும். கேபினுக்கும் அரங்குக்கும் நடுவில் உள்ள போர்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியாக இருந்தால், சுத்தமாகத் துடைத்து வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 8 சதவீத ஒளி பிரதிபலித்துப் போய்விடும். பூச்சுப் பூசிய கண்ணாடியில் இந்த இழப்பு மிகக் குறைவு. அதன்மேல் விரல் ரேகையும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் வெளிச்சம் குறைவது மட்டுமல்ல, ஒளி சிதறிக் கறுப்பும் சாம்பல் நிறமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, 3டி படத்துக்கு லென்ஸ் முன்னால் வைக்கும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியை 2டி படம் ஓடும்போதும் அகற்றாமல் விட்டுவிடுவது. பாதிக்கு மேல் வெளிச்சம் அங்கேயே போய்விடுகிறது. 3டிக்கென்று போட்ட வெள்ளித் திரை இன்னொரு தொல்லை. நடுவில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்று தெரிவது, ஓர இருக்கைக்காரருக்கு மங்கும். அதே காட்சிக்குப் போன இருவர் நேர் எதிரான கருத்து எழுதினால் இருவருமே உண்மை சொல்லியிருக்கக்கூடும்.

வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். திகில் படத்துக்கு வெள்ளையைவிடக் கறுப்பு முக்கியம். நல்ல டிஜிட்டல் புரொஜெக்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 2000-க்கு 1. 48 நிட் வெள்ளை என்றால் கறுப்பு 0.024 நிட். வழி காட்டும் படி விளக்கும், பக்கத்து இருக்கை செல்போனும், அடிக்கடி திறக்கிற கதவும் சேர்ந்து திரையில் வெறும் 0.24 நிட் வெளிச்சத்தை ஏற்றினாலே அந்த விகிதம் 200-க்கும் கீழே சரிந்துவிடும். பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. பகல் காட்சி போன்ற பளிச்சென்ற இடங்களில் இது யாருக்கும் தெரியாது. மாடி அறைக் காட்சியில் மட்டும் படமே காணாமல் போகும்.

நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் சிறிய ஹால்களில் நேர்வது இதற்குத் தலைகீழ். பத்தடி அகலத் திரைக்கு, அலுவலகக் கூட்டங்களுக்கு வாங்கிய 3000 லூமென் புரொஜெக்டரை வைப்பார்கள். திரையின் பரப்பு சுமார் 55 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் 50 ஃபுட்-லாம்பர்ட்டுக்கு மேல் வருகிறது. நடைமுறையில் பாதி கிடைத்தாலும் தேவையைவிட மிக அதிகம். இத்தகைய புரொஜெக்டர்களில் வெள்ளை ஏற ஏறக் கறுப்பும் சேர்ந்தே ஏறும். போதாக்குறைக்கு வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் ஒளியைத் திருப்பித் திரையின் மேலேயே கொட்டும். இங்கே செய்ய வேண்டியது எளிது. லேம்பை ஈகோ நிலைக்கு இறக்குங்கள், 'பிரசன்டேஷன்' நிலையை மாற்றி 'சினிமா' வையுங்கள், திரையை ஒட்டிய இரண்டு பக்கச் சுவரிலும் ஆறடி தூரத்துக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். புதிய புரொஜெக்டர் வாங்குவதைவிட இந்தத் துணி அதிகப் பலன் தரும்.

பெரும்பாலான வாசகர்கள் வீட்டில் ஓடிடியில்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே தரவுக் கணக்கு ஒன்று உண்டு. சாதாரண 8-பிட் வீடியோவில் கறுப்பின் எண் 16, வெள்ளையின் எண் 235. வெள்ளையின் நூற்றில் ஒரு பங்கு ஒளிக்கும் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் கிடைப்பது சுமார் 32 படிகள். பரண் அறையின் இருட்டு முழுவதும் அந்த முப்பத்திரண்டுக்குள் அடங்க வேண்டும். அதோடு பழைய பிலிமின் நுண்துகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். நெட் வேகம் குறைந்தால் அந்த அசைவைக் கடத்தத் தரவு போதாமல், இருட்டுப் பகுதி சதுரம் சதுரமாக உடையும். செல்போன் டேட்டாவில் பார்த்துவிட்டு 'பிரிண்ட் மோசம்' என்று எழுதியவர், வீட்டு வைஃபையில் அதே காட்சியை உயர்ந்த தரத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும்.

டிவியில் முதலில் 'விவிட்', 'டைனமிக்' ஆகியவற்றை விட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நிலைக்கு மாறுங்கள். மின்சாரம் சேமிக்கும் ஈகோ வசதியும் அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சாரும் அணைந்திருக்க வேண்டும். இருட்டுக் காட்சி வந்ததும் அவை பின்விளக்கை இன்னும் இறக்கிவிடும். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' துகளை அழிப்பதாக நினைத்து முகத்தையும் மெழுகுபோல் வழித்துவிடும், அதையும் நிறுத்துங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியும் வேண்டாம். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை அது சீரியல்போல் மாற்றிவிடும்.

செட்டாப் பெட்டியோ ஓடிடி குச்சியோ எச்.டி.எம்.ஐ. வழியாக இணைந்திருந்தால் கறுப்பு முதல் வெள்ளை வரையிலான எண்களின் வீச்சு (ரேஞ்ச்) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி 'ஃபுல்' அனுப்பி டிவி 'லிமிடெட்' என்று எடுத்துக்கொண்டால் நிழல் எல்லாம் ஒரே மையாகிவிடும். பெட்டி 'லிமிடெட்' அனுப்பி டிவி 'ஃபுல்' என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகி வெளுத்துத் தெரியும். "ஒன்றுமே தெரியவில்லை" என்ற குறையில் கணிசமானது இந்த ஓர் அமைப்பால் வருவது. இரண்டிலும் 'லிமிடெட்' வைத்துவிட்டு, முழுக் கறுப்பான ஒரு பிரேமில் படத்தை நிறுத்தி, 'பிரைட்னஸ்' அளவைச் சாம்பல் தெரியும்வரை ஏற்றி, அது மறையும் புள்ளிவரை மட்டும் இறக்குங்கள். அதற்குக் கீழே போகக் கூடாது.

டிசம்பர் மாதத்துக்கென்றே இன்னொன்று. பால்கனியில் தொங்கும் ஸ்டாரும் குடிலைச் சுற்றிய சீரியல் செட்டும் டிவிக்கு எதிர்ப்புறம் இருந்தால், கண்ணாடித் திரையில் அவைதான் தெரியும். படம் ஓடும் ஒன்றரை மணி நேரம் அவற்றை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் சுவரை நோக்கி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று போட்டால் போதும். கண்ணும் களைக்காது, கறுப்பும் கெடாது.

அடுத்து ஒலி. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திரையரங்க ஃபேடரில் நியம அளவு 7. படங்களைக் கலக்கும் ஸ்டூடியோவிலும் அதே அளவில்தான் கேட்டு முடிவு செய்கிறார்கள். இன்று பல அரங்குகளில் அது 5-லோ அதற்குக் கீழோ நிற்கிறது. விளம்பரங்களும் டிரெய்லர்களும் காது கிழியும்படி வருவதால் ரசிகர்கள் புகார் செய்கிறார்கள், மேனேஜர் குறைக்கச் சொல்கிறார், படம் தொடங்கிய பிறகு யாரும் திரும்ப ஏற்றுவதில்லை. ஒரு எண் என்பது சுமார் 3.3 டெசிபல். 5-ல் வைத்தால் 6.7 டெசிபல் போய்விட்டது. அலறல் அப்போதும் கேட்கும். மூச்சு விடும் சத்தமும் மாடியில் மரப்பலகை கிறீச்சிடுவதும் ஏ.சி. இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். விளம்பரத்துக்கு ஓர் அளவு, படத்துக்கு ஓர் அளவு என்று சர்வரின் பிளேலிஸ்டிலேயே எழுதி வைக்கலாம். அதற்குத் தனியாக எந்தச் செலவும் இல்லை.

இந்தப் படத்தின் மூல ஒலி மோனோ. திரைக்கு நடுவிலுள்ள ஒரே ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டியது. சவுண்ட்பாரின் 'சரவுண்ட்' வசதியைப் போட்டால் அது ஒரே குரலை நாலா பக்கமும் தெளித்துக் குழப்பும். 'நைட்', 'ஆட்டோ வால்யூம்' வசதிகள் கிசுகிசுப்பையும் கூச்சலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இவை மூன்றையும் நிறுத்திவிட்டு, மின்விசிறியையும் ஒரு புள்ளி குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் போன் குரலின் எல்லாச் சொற்களும் புரியாது. அது திட்டமிட்டே செய்தது. நடிகர் நிக் மன்குசோவும் இயக்குநர் கிளார்க்கும் வேறு சிலரும் பேசியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குரல் அது. நெஞ்சு இறுகிக் குரல் மாற வேண்டும் என்பதற்காகத் தலைகீழாக நின்று பேசியதாக மன்குசோவே சொல்லியிருக்கிறார். ஒரே வாயிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தையும் மாறி மாறி வருவதைக் கேட்டால் போதும், அதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

இசையே இல்லை, பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான் என்று ஒருவர் எழுதியதும் ஒரு வகையில் சரி. இசையமைப்பாளர் கார்ல் ஜிட்ரர் பியானோவின் கம்பிகளில் முள்கரண்டி, சீப்பு, கத்தி ஆகியவற்றைக் கட்டி வாசித்தார். பதிவான நாடாவின் ஓட்டத்தைக் கையால் அழுத்தி மெதுவாக்கி, சுருதியை வளைத்தார். ராகமாக ஒன்றும் காதில் தங்காது. வீடே முனகுவதுபோல் இருக்கும்.

இனி அல்சூர் வாசகரின் கேள்வி. போனைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு நேரம்? இதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. தூரவாணி நகரில் 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில், தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைக்கும் ஸ்ட்ரௌஜர் சுவிட்சுகள் தயாராயின. அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்தார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டயலைச் சுழற்றிவிட்டால் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் மின்துடிப்புகள் கிளம்பும். 4 சுழற்றினால் சுவிட்சின் தண்டு நான்கு படி மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் திரும்பிக் காலியாக இருக்கும் அடுத்த சுவிட்சைப் பிடிக்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், கடைசி சுவிட்ச் இறுதி இரண்டு எண்களுக்கு ஏறித் திரும்பி மணியடிக்கும். அழைப்பு எந்த வழியாக வந்தது என்பதற்கு வேறு பதிவே கிடையாது. சுவிட்சுகள் நிற்கும் நிலைதான் பதிவு. தேடுகிற ஊழியர் மணியடித்த முனையிலிருந்து பின்னோக்கி, ஒவ்வோர் அடுக்காக நடந்து, எந்தத் தண்டு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். அழைத்தவர் போனை வைத்துவிட்டால் எல்லாத் தண்டுகளும் பழைய இடத்துக்கு விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. படத்தில் ஊழியர் அடுக்குகளுக்கு நடுவே ஓடுவதும், 'இன்னும் கொஞ்ச நேரம் பேச்சை வளர்த்துங்கள்' என்று காவலர் கெஞ்சுவதும் இதனால்தான். வீட்டிலேயே இரண்டாவது இணைப்பு இருந்ததால் அழைப்பு அந்த வீட்டுக்குள்ளிருந்தே வர முடிந்தது. இந்தக் காட்சியில் மிகை எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் வரும் நகைச்சுவை இழுக்கிறது என்று அதே வாசகர் சொன்னதை மட்டும் நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

கொலைகாரன் யாரென்று சொல்லாத கோபத்துக்கு வருவோம். கொலைகாரனின் பார்வையைக் காட்டுவதற்காகக் கேமரா ஆபரேட்டர் பெர்ட் டங்க், கேமராவைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு வீட்டின் வெளிச்சுவரில் ஏறினார். ஏறுகிற கை நம் கையாகத் தெரியும், மூச்சு நம் மூச்சாகக் கேட்கும். முகம் எங்கும் இல்லை. கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் ஒரு முறை தெரிகிறது. படம் முடியும்போது பரணில் இருக்கும் உடல்களை யாரும் தேடவில்லை, போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. முகத்தைக் காட்டிக் காரணமும் சொல்லிவிட்டால், பார்ப்பவர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். 2006-ல் மறுபடி எடுத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். கொலைகாரனின் பிள்ளைப் பருவம் முதல் விளக்கினார்கள், ரத்தத்தையும் கூட்டினார்கள். எங்கள் பார்வையில் பயம் அங்கேயே கரைந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

ஃபிரேசர் டவுன் வாசகியின் வருத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படத்தில் குடிலையோ ஜெபத்தையோ யாரும் கேலி செய்யவில்லை. வாசலில் சிறுவர் சிறுமியர் நின்று கிறிஸ்மஸ் கீதம் பாடுகிறார்கள், மேலே ஓர் அறையில் கொலை நடக்கிறது, பாட்டுச் சத்தத்தில் அலறல் கீழே கேட்கவில்லை. அந்தப் பாட்டு அழகாகவும் உண்மையாகவும் இருப்பதால்தான் காட்சி நெஞ்சைப் பிடிக்கிறது. கேலியாகப் பாடியிருந்தால் ஒன்றும் நிகழ்ந்திருக்காது. கிறிஸ்மஸ் இரவில் பேய்க்கதை சொல்வது ஆங்கிலேயர் வீடுகளில் பழைய வழக்கம். டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய கிறிஸ்மஸ் கதையிலேயே நான்கு ஆவிகள் வருகின்றன. நம் திருச்சபையும் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28 அன்று, ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூர்கிறது. பிறப்பின் மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே அந்த ரத்தத்தை வைத்தவர்கள் நம் முன்னோர். பாப் கிளார்க்கும் பண்டிகையின் எதிரி அல்ல. 1983-ல் அவர் இயக்கிய கிறிஸ்மஸ் நகைச்சுவைப் படத்தை அமெரிக்கக் குடும்பங்கள் இன்றும் ஆண்டுதோறும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கின்றன.

குழந்தைகள் பார்த்துவிடுவார்களே என்ற அந்த வாசகியின் கவலையில் மட்டும் முழு நியாயம் இருக்கிறது. 1984-ல் சாண்டா வேடமிட்டவன் கோடரி தூக்கும் படம் ஒன்று அமெரிக்காவில் வந்தபோது, பெற்றோரை அதிகம் கொதிக்க வைத்தது சிறுவர்கள் பார்க்கும் நேரத்தில் டிவியில் வந்த அதன் விளம்பரம்தான். விளம்பரத்தை நிறுத்தினார்கள், படத்தையும் விரைவிலேயே அரங்குகளிலிருந்து எடுத்தார்கள். இன்று அதே ஆபத்து ஓடிடியின் முகப்புப் படத்தில் இருக்கிறது. 'கிறிஸ்மஸ்' என்று தேடும் குழந்தைக்குப் பனியும் வண்ண விளக்கும் போட்ட படம் ஒன்று கண்ணில் பட்டால் தொடத்தான் செய்யும். 2021 விதிகளின்படி 'யு/ஏ 13+' முதல் மேலுள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டியது ஓடிடி நிறுவனங்களின் கடமை. வசதி இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் போடுவதில்லை. குழந்தைக்குத் தனி புரொஃபைல் திறந்து, பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க எண் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. திரையரங்குப் படங்களுக்கும் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்துவிட்டது. போஸ்டரில் 'யு/ஏ' என்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் உள்ள எண்ணையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. இனி வாசகர் கருத்துகளை வெளியிடும்போது ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று விவரங்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: படத்தை எங்கே பார்த்தார், அரங்கு என்றால் எந்த வரிசை இருக்கை, வீடு என்றால் டிவியா செல்போனா. அரங்கின் பெயர் வேண்டாம், வரிசை போதும். "ஒரே இருட்டு" என்ற குறை ஓர இருக்கைகளிலிருந்தே வந்தால் திரைதான் காரணம். எல்லா வரிசையிலிருந்தும் வந்தால் லேம்ப், போர்ட் கண்ணாடி, 3டி போலரைசர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். செல்போனில் பார்த்தவர்களிடமிருந்து மட்டும் வந்தால் நாங்கள் கேபினில் எதையும் தொட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
திரையரங்க ஒளி, ஒலிப் பணியாளர்கள் சிலர்,
சிவாஜி நகர், பெங்களூரு.